டிண்டால் கடிதம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

#1 மசிப்புட்டி

வணக்கம். தபால்தலையில் தொடங்கிய பைத்தியம் உறைக்குத் தாவி, இப்போது உறைக்குள் இருந்த கடிதத்தில் வந்து நிற்கிறது. அதிலும் விக்டோரியா காலத்து விஞ்ஞானிகள் கைப்பட எழுதியதுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது.

இங்கிலாந்து டீலர் ஒருவரிடம் ஜான் டிண்டால் எழுதிய கடிதம் இருக்கிறது. 1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வகத்தில், வாயுக்கள் வெப்பத்தை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளக்கத் தொடங்கிய அதே டிண்டால். ஆனால் இந்தக் கடிதத்தில் வெப்பமும் இல்லை, வாயுவும் இல்லை. யாரோ ஒரு சீமாட்டிக்கு எழுதிய சின்னக் குறிப்பு. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுக்கு டிக்கெட் வைத்திருக்கிறார், வியாழன் மூன்று மணிக்குப் பிள்ளைகளை அழைத்து வரச் சொல்கிறார், மிஸஸ் டிண்டாலும் விசாரித்ததாக எழுதுகிறார். மேலே "ராயல் இன்ஸ்டிட்யூஷன், செவ்வாய், ஜனவரி 1". வருடம் போடவில்லை. பெறுநர் பெயரும் என்னால் படிக்க முடியவில்லை.

விலை ஒரு நடுத்தர செல்போன் அளவு. இவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு அது தகுமா? போலி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னைப் புழுக்கத்தில் தாள் தாங்குமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். டார்வின் எல்லாம் கனவுதான் என்று தெரியும்.

#2 பழந்தாள்

தம்பி, டார்வினைக் கனவு காண்பதில் தப்பில்லை, விலையைத் தெரிந்துகொண்டு காணுங்கள். 1880 நவம்பரில் மெக்டெர்மட் என்ற இளம் வக்கீலுக்கு டார்வின் சில வரி எழுதினார்: பைபிளைத் தெய்வ வெளிப்பாடாக நம்பவில்லை, ஆகவே ஏசுவைக் கடவுளின் மகன் என்றும் நம்பவில்லை என்று. மதத்தைப் பற்றி வெளியே பேசத் தயங்கிய மனிதர் இப்படிப் பட்டென்று சொன்னதால், 2015இல் நியூயார்க் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது 1,97,000 டாலருக்குப் போனது.

2022 டிசம்பரில் சோதபீஸ் ஏலத்தில் வந்தது இன்னும் வேடிக்கை. தன் பரிணாம நூலில் இருந்து ஒரு பத்தியை டார்வினே கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள், 8,82,000 பவுண்டு. அந்தத் தாள் பிறந்ததே கையெழுத்து மோகத்தால்தான். பிரபலங்களின் எழுத்தை அப்படியே அச்சிட்டு வெளியிட்ட ஒரு பத்திரிகையின் ஆசிரியர் ஹெர்மன் கிண்ட் 1865இல் மாதிரி கேட்டார், டார்வின் எழுதிக் கொடுத்தார்.

நம் பக்கத்துச் சந்தை வேறு. டிண்டால், ஹக்ஸ்லி, ரிச்சர்ட் ஓவன், ஜார்ஜ் ஏரி என்று அந்தக் கால விஞ்ஞானிகள் எல்லோரும் எழுதிக் குவித்தவர்கள். 1840 ஜனவரி 10க்கு முன்னால் பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது, பெரும்பாலும் பெறுபவர் தலையில் விழும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்கு. அதனால்தான் அந்தக் காலத்துக் கடிதங்களை மடித்து, அரக்கு வைத்து, மடிப்பின் மேலேயே விலாசம் எழுதியிருப்பார்கள். அப்புறம் அரை அவுன்ஸ் வரை நாட்டில் எங்கே போனாலும் ஒரே பென்னி என்று ஆனது, எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். டார்வின் எழுதியதும் பெற்றதுமாக இன்று தெரிந்தவை மட்டும் சுமார் 15,000. அவற்றைப் பதிப்பிக்க 1974இல் தொடங்கிய வேலை 30 தொகுதிகளாக 2023இல்தான் முடிந்தது.

கேட்டலாகில் "ஏ.எல்.எஸ்." என்று போட்டிருந்தால் முழுக் கடிதமும் அவர் கையெழுத்து. "எல்.எஸ்." என்றால் எழுதியது வேறு ஆள், கையொப்பம் மட்டும் அவருடையது. டார்வின் உடம்பு முடியாதபோது மனைவி எம்மாவும் பிள்ளைகளும் அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள். உங்களுடையது எது என்று டீலரிடம் கேளுங்கள்.

#3 ஊசிமுனை

எல்லோரும் விலையிலேயே இருக்கிறீர்கள். மிஷேல் ஷால் கதை தெரியுமா? பிரெஞ்சு வடிவகணித மேதை, 1865இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் பெற்றவர். 1861 முதல் விரேன்-டெனி லூக்கா என்ற ஆள் அவருக்குப் பழைய கடிதங்களாக விற்றுத் தள்ளினான், 27,000க்கு மேல். அவற்றில் பாஸ்கல் எழுதியவை என்று சிலவற்றை நம்பி, ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டுவிட்டார் என்று 1867இல் ஷால் பிரெஞ்சு அறிவியல் அகாடமியிலேயே அறிவித்தார். நியூட்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் சண்டைக்கு வந்தார். பாஸ்கலோடு கடிதம் எழுதி விவாதித்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் நியூட்டன் பள்ளிக்கூடப் பையன்!

கடைசியில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கிளியோபாட்ரா, மகதலேனா மரியாள் எல்லோரும் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். லூக்காவுக்கு 1870இல் 2 வருட சிறை. அவ்வளவு பெரிய கணித மூளைக்கே இந்த கதி, நாமெல்லாம் எம்மாத்திரம்.

ஆனால் மசிப்புட்டி, டிக்கெட் அனுப்பும் டிண்டாலை உட்கார்ந்து போலி செய்ய எவனுக்கும் வேலை வெட்டி இல்லாமல் இல்லை. உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு: லித்தோ அச்சு, அதாவது கையெழுத்தை அப்படியே பிரதி எடுக்கும் கல்லச்சு. பழந்தாள் ஐயா சொன்ன மாதிரிப் பத்திரிகைகளில் அச்சான பக்கத்தைத் தனியாகக் கிழித்தால் அசல் போலவே இருக்கும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நிப்பை மையில் தொட்ட இடத்தில் எழுத்து அடர்ந்து, போகப் போக மெலிந்து, மறுபடி அடர வேண்டும். எஃகு நிப் அழுத்திய இடத்தில் இரண்டு ஓரமும் கோடு விழுந்து நடுவில் வெளிறியிருக்கும். அச்சில் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சமம். அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே பதித்த அடையாளம், தெரியும். இங்கிலாந்துத் தாளில் பல நேரம் ஆலையின் பெயரும் வருடமும் இருக்கும். கடிதத் தேதியைவிட நீர்க்குறி வருடம் பிந்தியது என்றால் அங்கேயே கதை முடிந்தது. முந்தியது என்றால் அசல் என்று துள்ளாதீர்கள், பழைய வெற்றுத் தாள் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

#4 ஆவணக்காரி

நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவள், அதனால் ஒரு கசப்பான பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு கடிதம் தனியாக நின்றால் பாதி ஊமை. அதற்கு முந்தைய கடிதம், வந்த பதில், கூடவே வைத்த பட்டியல் எல்லாம் ஒரே கட்டில் இருந்தால்தான் அது பேசும். விக்டோரியா காலத்துக் கையெழுத்து வேட்டைக்காரர்கள் கத்தரிக்கோலோடு அலைந்தவர்கள். பெயரை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டார்கள். பின்பக்கம் இருந்த நான்கு வரியும் அதோடு போனது. இன்றும் "வெட்டிய கையொப்பம்" என்று தனியாகவே விற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

இன்னொன்று, திருட்டு. 1875இல் அமெரிக்க நிலவியலாளர் ஹேடனுக்கு டார்வின் எழுதிய கடிதம் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 1970களில் காணாமல் போனது. எஃப்.பி.ஐ. மீட்டு 2016இல்தான் திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட நாற்பது வருடம் அது யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறது. ஆகவே மசிப்புட்டி, "இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது" என்று எழுத்தில் கேளுங்கள். முத்திரை, பென்சில் எண், அழித்த தடம் எதாவது ஓரத்தில் இருந்தால் படம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.

வாங்கினாலும் தாள்தான் உங்களுடையது. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. பிரிட்டன் சட்டப்படி, 1989 ஆகஸ்டுக்குள் அச்சேறாத பழைய கடிதங்களுக்கு அந்த உரிமை 2039 முடியும் வரை இருக்கிறது. புத்தகம் போடுகிறேன் என்று கிளம்புவதற்கு முன் இதை யோசியுங்கள்.

#5 பழந்தாள்

//ஒரு கடிதம் தனியாக நின்றால் பாதி ஊமை//

மேடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழித்தவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டும்தானா? டார்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதங்களை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். கம்பிகள் நிறைந்ததும் சில வருடக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டு அதே கம்பியை மறுபடி பயன்படுத்துவார். இதைச் சொல்வது அவர் மகன் பிரான்சிஸ். 1862க்கு முன் அவருக்கு வந்தவற்றில் அநேகமாக எல்லாமே இப்படிப் போய்விட்டன.

இயற்கையியலாளர் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவில் இருந்து 1858இல் அனுப்பிய கடிதம் உயிரியல் வரலாற்றையே திருப்பிப் போட்டது. இயற்கைத் தேர்வை வாலஸ் தானாகவே கண்டுபிடித்துக் கட்டுரையாக எழுதி, கூடவே கடிதம் வைத்து டார்வினுக்கு அனுப்பினார். ஜூன் 18 அன்று அதைக் குறித்து டார்வின் பதறிப்போய் நண்பரான நிலவியலாளர் லயலுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆனால் வாலஸின் அசல் கடிதம் இல்லை. அது வந்தது ஜூன் 18ஆ, அதற்கு முன்பே வந்துவிட்டதா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு உறை கிடைத்தால் தபால் முத்திரையே பதில் சொல்லிவிடும். யாராவது தபால்தலை பைத்தியம் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குபவன் நான்.

#6 ஆவணக்காரி

பழந்தாள் சார், அது டார்வின் எரித்தது, காப்பகம் எரித்ததில்லை. எதையும் தூக்கிப் போடாத மனிதர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் ஏரி 1835 முதல் 1881 வரை கிரீனிச் வானியலாளராக இருந்தவர், துண்டுச் சீட்டைக்கூட விடவில்லை. அத்தனையும் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்றாக இருப்பதால்தான் ஆராய முடிகிறது. நாலு பேர் நாலு துண்டாக வாங்கியிருந்தால்?

தனியார் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் ஒளித்து வைக்காதீர்கள் என்கிறேன். நல்ல ஸ்கேன் எடுத்து அந்தந்தப் பதிப்புத் திட்டத்துக்கு அனுப்புங்கள். டார்வினுக்கு இருப்பது போல டிண்டால் கடிதங்களுக்கும் தனியாகவே ஒரு திட்டம் இருக்கிறது, தொகுதிகள் வந்துகொண்டிருக்கின்றன.

#7 மின்னியல்_வாத்தியார்

ஆகா, நம்ம ஏரியா! கடிதம் என்றதும் எல்லோரும் உறையையே நினைக்கிறீர்கள். 1870 அக்டோபர் 1 அன்று பிரிட்டன் தபால்துறை அரைப் பென்னி அஞ்சலட்டையை விட்டது. அதைப் பிடித்துக்கொண்டவர் மின்காந்தக் கொள்கை தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். எடின்பரோவில் இருந்த பள்ளித் தோழர் டெய்ட்டுக்கு அட்டை அட்டையாகக் கணக்கும் கிண்டலும் எழுதினார். கையெழுத்து "ஜே.சி.எம்." இல்லை, "டிபி/டிடி". வெப்ப இயக்கவியலில் டெய்ட் எழுதிய ஒரு சமன்பாட்டில் இடப்பக்கம் டிபி/டிடி, வலப்பக்கம் ஜேசிஎம். இடப்பக்கத்தைக் கையெழுத்தாகப் போட்டால் வலப்பக்கம் தானே வந்துவிடுமே! வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

அவர்களுக்குள் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) வெறும் "டி". டெய்ட் "டி"க்கு மேல் ஒரு கோடு. நம் மசிப்புட்டியின் டிண்டாலுக்கு இரண்டு கோடு. இரண்டாம் படிச் சிற்றளவு, அதாவது கணக்கில் விட்டுவிடலாம் என்று குத்தல். பனியாறு எப்படி நகர்கிறது, ஆற்றல் அழியாமைக்கு யார் பெயரைச் சொல்வது என்று டெய்ட்டுக்கும் டிண்டாலுக்கும் பத்திரிகைகளிலேயே சண்டை நடந்த காலம்.

மேக்ஸ்வெல் 1879இல் 48 வயதில் போய்விட்டார். அதனால் ஏலத்துக்கு வருவது அபூர்வம், வந்தாலும் என் பென்ஷனுக்கு எட்டாது.

#8 கண்டி_மலையான்

எல்லாரும் இங்கிலாந்துக்குள்ளேயே சுத்துறீங்க. என்னைக் கேட்டால் பெயர் பெற்றவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு எழுதிப் போட்டவர்களைப் பாருங்கோ. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1849இல் பொறுப்பேற்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் துவைட்ஸ். டார்வினோடும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஹூக்கரோடும் கடிதத் தொடர்பு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி போலப் படிகிறது என்று இலையை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சை நிபுணர் பெர்க்லிக்கு அனுப்பி வைத்தார். பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள்.

செய்தும் விட்டாள். இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பி படுத்துவிட்டது, தேயிலை வந்தது. கோப்பிக்காகத் தமிழ்நாட்டில் இருந்து நடந்து வந்த எங்கட ஆட்களின் பேரப்பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து கிள்ளினார்கள். அந்த இலையோடு ஒரு கடிதமும் போயிருக்கும்தானே? டார்வினின் கையெழுத்தை விட எனக்கு அது பெரிது.

கியூ தோட்ட இயக்குநர்களுக்கு வந்த கடிதங்களைப் பெரும்பாலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருந்து ராபர்ட் வைட் எழுதியவையும் உண்டு. தமிழ்நாட்டுச் செடிகளை ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களை வைத்து வரைவித்தாரே, அவர்தான். வாசித்துப் பாருங்கோ.

#9 மசிப்புட்டி

ஒரே நாளில் இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கண்டி அண்ணா, கியூ பக்கம் போய்த் தூக்கம் கெட்டது. டீலர் பதில் அனுப்பிவிட்டார்: முழுதும் டிண்டால் கையெழுத்துதான், நீர்க்குறி இருக்கிறது, வருடம் தெரியவில்லை. ஏற்றுமதி உரிமம் தானே எடுத்துத் தருவாராம். அது எதற்கு?

#10 பழந்தாள்

பிரிட்டனில் 50 வருடம் தாண்டிய கையெழுத்துத் தாள் நாட்டை விட்டு வெளியேற உரிமம் வேண்டும். மலிவான கடிதத்துக்கும்தான். தானாகவே முன்வந்து சொல்கிறார் என்றால் ஒழுங்கான டீலர். நம் ஊர்ச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வருடம் தாண்டினால் தொல்பொருள் கணக்கு. நாளைக்கு லண்டனில் விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். ஆசைக்கு வாங்குங்கள்.

இனி வருடத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ருசி. டிண்டாலுக்குக் கல்யாணம் 1876இல். மிஸஸ் டிண்டால் வருவதால் கடிதம் அதற்குப் பிந்தியது. அவர் ராயல் இன்ஸ்டிட்யூஷனை விட்டது 1887. இந்த இடைவெளியில் ஜனவரி 1 செவ்வாயாக வந்தது 1878, 1884 ஆகிய இரண்டு முறைதான். கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரிக்குள் ஓடும். 1883 இறுதியில் தொடங்கிய தொடரைப் பேசியவர் டூவர் என்ற வேறு விஞ்ஞானி. 1877 இறுதியில் பேசியவர் டிண்டால், தலைப்பு வெப்பம். ஆகவே உங்கள் கடிதம் 1878 ஜனவரி 1. பார்த்தீர்களா, வெப்பம் இல்லை என்றீர்கள், டிக்கெட்டே வெப்பத்துக்குத்தான்.

#11 மின்னியல்_வாத்தியார்

ஐயா, சபாஷ்! 1884ஐக் கழித்த விதம் பிரமாதம்.

#12 ஊசிமுனை

டூவர் பேச்சுக்கும் டிண்டால் டிக்கெட் கொடுத்திருக்கலாமே? அங்கேயே குடியிருந்தவர்தானே.

#13 பழந்தாள்

கொடுத்திருக்கலாம். நல்ல கேள்வி. "என் சொற்பொழிவு" என்று எழுதியிருக்கிறாரா, வெறும் "சொற்பொழிவு" என்றா? மசிப்புட்டி பார்த்துச் சொல்ல வேண்டும்.

#14 மசிப்புட்டி

"என் முதியோரை விட இளையோர்..." என்று ஏதோ ஜோக் அடித்துவிட்டு, "என் மேஜைக்குப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்" என்கிறார். 1878 என்றே வைத்துக்கொள்ளலாமா? சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிப் பாதுகாப்பது என்று யாரும் சொல்லவில்லையே. லேமினேஷன் கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

#15 ஆவணக்காரி

லேமினேஷனா! தம்பி, அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்.

அந்தக் கால மை ஓக் மரக் காய்ப்புகளையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து காய்ச்சியது. இரும்பும் அமிலமும் இருப்பதால் ஈரம் கூடினால் தாளையே அரிக்கும். கடுமையான கேஸில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். டிண்டால் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்ததாக இருந்தால் நல்ல பலம். 1870களுக்குப் பிறகு மரக்கூழ் தாளும் பெருகியது, அது வேகமாகப் பழுப்பாகி நொறுங்கும். அமிலமற்ற மடிப்புத் தாளுக்குள் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர், கடற்கரைப் பக்க ஜன்னல் மூன்றும் வேண்டாம். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சென்னையில் அது சுலபமில்லை, சிலிகா ஜெல் போட்டு மூடிய பெட்டியும் சின்ன ஈரமானியும் போதும். சில்வர்ஃபிஷ் பூச்சிக்கு இந்தப் பசையும் தாளும் விருந்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபிரேம் போட்டு மாட்ட ஆசை என்றால் நல்ல பிரிண்டை மாட்டுங்கள்.

டிண்டால் கடிதத்தின் அசலுக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. 1893இல் மனைவி லூயிசா மருந்து மாற்றிக் கொடுத்ததில்தான் அவர் இறந்தார். அந்தத் துக்கத்தோடு அவர் வாழ்க்கையை எழுதியே தீருவேன் என்று லூயிசா ஊரெல்லாம் கடிதங்களைத் திரட்டிப் படியெடுத்தார். 1940இல் இறக்கும் வரை முடிக்கவில்லை. பல கடிதங்கள் இன்று அவருடைய தட்டச்சுப் படியாக மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கட்டில் சேராத ஒன்று உங்களிடம் வருகிறது என்றால், ஸ்கேனை அனுப்ப மறக்காதீர்கள்.

#16 ஊசிமுனை

மசிப்புட்டி, நீங்கள் போட்ட பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் பழுப்புப் புள்ளி. ஆல்பத்தில் ஒட்டியிருந்து பிரித்திருக்கிறார்கள். டீலர் முழு ஆல்பத்தையும் வாங்கித் துண்டு துண்டாக விற்கிறார் என்று நினைக்கிறேன். கூட என்ன இருந்தது என்று கேட்டீர்களா?

#17 மசிப்புட்டி

இப்போதுதான் கேட்டேன். ஆமாம், ஒரே குடும்பத்து ஆல்பம். பாதி விற்றுப் போனதாம். மிச்சம் ஹக்ஸ்லி ஒன்று, ஓவன் ஒன்று, கையொப்பம் படிக்க முடியாத இரண்டு. அந்த இரண்டும் சும்மா கிடைக்கிற விலை!

#18 பழந்தாள்

கையொப்பம் படிக்க முடியாத இரண்டையும் முதலில் வாங்குங்கள். ஹக்ஸ்லி எங்கேயும் ஓடிவிட மாட்டார்.

#19 ஆவணக்காரி

எதை வாங்கினாலும் சரி, விற்றுப் போனவற்றின் படங்களும் டீலரிடம் இருக்கும். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்ற வரிசையோடு சேர்த்து இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் கேட்டால் அழித்திருப்பார்.